கழிவுப் பஞ்சு: மில்லில் மிஞ்சும் குட்டை இழை எங்கெல்லாம் போகிறது? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

கோவை, திருப்பூர் பக்கம் "என்ன தொழில் பண்றீங்க?" என்று கேட்பவரிடம் "கழிவுப் பஞ்சு வியாபாரம்" என்றால் தலையாட்டிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார். சென்னையில் அதே பதிலைச் சொன்னால் முகத்தில் ஒரு சின்னச் சுளிப்பு தெரியும். 'கழிவு' என்ற சொல் செய்யும் வேலை அது. மில்லில் சில வருடம் சூப்பர்வைசராக இருந்துவிட்டு இந்த வியாபாரத்துக்கு வந்தவன் நான். உறவினர்கள், புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்கள், தலையணை தைப்பவர்கள், காளான் வளர்ப்பவர்கள் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

கழிவுப் பஞ்சு என்றால் சரியாக எது?

பேலாக, அதாவது அழுத்திக் கட்டிய பொதியாக, உள்ளே வரும் பஞ்சு நூலாக வெளியே போவதற்குள் ஆறேழு இயந்திரங்களைத் தாண்டுகிறது. ஒவ்வொன்றும் கொஞ்சத்தைத் தள்ளிவிடும். தள்ளுவது எல்லாவற்றுக்கும் பொதுப் பெயர் கழிவுப் பஞ்சு.

புளோரூமில் பஞ்சை உடைத்து, அடித்து, உதறும்போது விதைத் துணுக்கு, இலைத்தூள், மண் இவற்றோடு கொஞ்சம் இழையும் விழும். அடுத்து இழைகளைப் பிரித்து நேராக்கும் கார்டிங். அங்கே லிக்கரின் உருளைக்கு அடியில் விழுவது ஒன்று. மேலே சுற்றும் பிளாட் கம்பிகளில் சிக்கி, பட்டை பட்டையாக வருவது இன்னொன்று. பின்னதைப் பிளாட் ஸ்ட்ரிப்ஸ் என்போம். உயர்ரக நூல் ஓட்டுகிற மில்லாக இருந்தால் அப்புறம் கோம்பர் வரும். அது சீவித் தள்ளும் குட்டை இழைதான் கோம்பர் நாயில். கீழே நான் பெரும்பாலும் பேசப்போவது இதைப் பற்றி.

கோம்பரைத் தாண்டிய பிறகு விழுபவை வேறு ரகம். டிரா பிரேமில் விழும் ஸ்லைவர் (முறுக்கில்லாத தடித்த இழைக்கற்றை) துண்டு, சிம்ப்ளக்ஸில் விழும் ரோவிங் (அதை மெலிதாக்கி லேசாக முறுக்கியது) துண்டு, ரிங் பிரேமில் நூல் அறுந்ததும் உறிஞ்சு குழாய் இழுத்துக்கொள்ளும் நியூமாபில் எல்லாம் சுத்தமான, நல்ல நீள இழைகள். இவற்றைக் கழிவு என்பதே அநியாயம். மில்லே மறுபடியும் மிக்சிங்கில், அதாவது முதலில் பஞ்சைக் கலக்கும் இடத்தில், போட்டுக்கொள்ளும். கோன் வைண்டிங்கில் விழும் முறுக்கேறிய நூல் துண்டுகளை ஹார்டு வேஸ்ட் என்பார்கள். அதைக் கிழித்து இழையாக்கினால்தான் மறுபடி பயன்படும்.

குட்டை இழையை ஏன் எடுக்க வேண்டும்? அதுவும் பஞ்சுதானே?

பஞ்சுதான். ஆனால் நூல் என்பது பசை போட்டு ஒட்டியது இல்லை. இழைகள் ஒன்றோடொன்று உரசிப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் அதன் பலம். நீள இழைக்குப் பிடிமானம் அதிகம். அரை அங்குலத்துக்கும், அதாவது 12.7 மி.மீ.க்கும் குறைவான இழையைத்தான் தொழிலில் குட்டை இழை என்று கணக்கிடுகிறோம். அது நூலுக்குள் சரியாகப் பிடிபடாமல் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். துணியில் பிசிறு, பனியனில் சின்னச் சின்ன உருண்டை, தறியில் அடிக்கடி நூல் அறுபடுவது எல்லாம் இதன் கைவரிசை. இன்னொரு தொல்லையும் உண்டு. இழையை இழுத்து மெலிதாக்கும் டிராப்டிங் உருளைகளுக்கு நடுவே குட்டை இழையை யாரும் பிடித்துக்கொண்டிருப்பதில்லை. அது தன்பாட்டுக்கு மிதந்து, கும்பலாகப் போய்ச் சேரும். நூல் ஓரிடத்தில் தடித்தும் அடுத்த இடத்தில் மெலிந்தும் வரும்.

கோம்பர் என்ன செய்கிறது என்றால், இழைக்கற்றையின் ஒரு முனையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மறுமுனையை ஊசிச் சீப்பால் வாருகிறது. பிடிக்குள் அகப்படாத குட்டை இழை சீப்போடு போய்விடும். வீட்டில் சிக்கெடுக்கும் சீப்பில் முடி வருகிற மாதிரிதான்.

இந்தச் சீப்பு யோசனை யாருடையது?

பிரான்சின் முல்ஹவுஸ் நகரத்து ஜோசுவா ஹைல்மன். 1845-இல் காப்புரிமை வாங்கினார். தன் பெண்கள் கூந்தலைச் சீவுவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் யோசனை பிறந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். கதை உண்மையோ பொய்யோ, இயந்திரம் செய்வது அதே வேலைதான். காப்புரிமை வாங்கிய மூன்றே வருடத்தில், 1848-இல், அவர் இறந்துவிட்டார்.

ஒரு மில்லில் எவ்வளவு நாயில் வரும்?

என்ன நூல் ஓட்டுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. கோம்பருக்குள் போகும் பஞ்சில் 12 முதல் 20 சதவீதம் வரை நாயிலாக எடுப்பது வழக்கம். சும்மா ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 கிலோ பஞ்சு உள்ளே போகிறது. புளோரூமும் கார்டிங்கும் சேர்ந்து 10 கிலோவைத் தள்ளிவிட்டால் மீதி 90. கோம்பரில் 16 சதவீதம் எடுத்தால் 14 கிலோ சொச்சம் போய், ஏறக்குறைய 75 கிலோ. மற்ற இயந்திரங்களில் விழுவதையும் கழித்தால் கையில் நூலாக வருவது 73 கிலோ அளவில் நிற்கும். கோம்பர் இல்லாத கார்டட் நூல் என்றால் இதே 100 கிலோவில் 85 கிலோவுக்கு மேல் நூல் எடுக்கலாம்.

நூல் விலையில் பாதிக்கு மேல் பஞ்சின் விலைதான். அதனால் கோம்பரில் ஒரு சதவீதம் கூடினாலும் குறைந்தாலும் மேனேஜர் கூப்பிட்டுக் கேட்பார். குறைத்தால் நூல் தரம் போகிறது என்று வாடிக்கையாளர் திட்டுவார். நான் சிப்ட் பார்த்த காலத்தில் இந்த இரண்டு திட்டையும் ஒரே நாளில் வாங்கியதுண்டு.

எல்லா மில் நாயிலும் ஒன்றுதானா?

இல்லை. அம்மா எப்படியோ பிள்ளையும் அப்படி. 28, 29 மி.மீ. நீளமுள்ள சங்கர்-6 பஞ்சிலிருந்து வரும் நாயில் ஒரு மாதிரி. டிசிஎச்-32 மாதிரி நீண்ட இழைப் பஞ்சிலிருந்து வருவது வேறு மாதிரி. மென்மையும் பளபளப்பும் கையில் எடுத்தாலே தெரியும். எல்லாவற்றுக்கும் மேலே சுவின். கோவையில் உருவாகி 1974-இல் வெளியான ரகம் அது. சுஜாதா, செயின்ட் வின்சென்ட் என்ற இரண்டு ரகங்களைக் கலந்து பிறந்ததால் இரண்டின் பெயரையும் ஒட்டி 'சுவின்' ஆயிற்று. இப்போது மிகக் குறைவாகவே விளைகிறது. அதன் நாயில் சந்தைக்கு வந்தால் வாங்க ஆள் காத்திருப்பார்கள்.

ஓ.இ. மில் என்று சொல்கிறார்களே, அவர்கள் இதை வைத்து என்ன செய்கிறார்கள்?

நூல்தான் நூற்கிறார்கள். மற்றவன் தள்ளிய பஞ்சை வைத்து!

ஓபன் எண்ட் என்பதன் சுருக்கம் ஓ.இ. ரிங் ஸ்பின்னிங்கில் ரோவிங்கை இழுத்து, மெலிதாக்கி, முறுக்குவார்கள். இழையோட்டம் எங்கேயும் அறுபடாது. ஓ.இ.யில் வேண்டுமென்றே அறுக்கிறார்கள். பல் வைத்த சின்ன உருளை ஸ்லைவரைத் தனித்தனி இழையாகப் பிய்த்துப் போடும். காற்று அந்த இழைகளை ஒரு சின்னக் கிண்ணத்துக்குள் கொண்டுபோகும். அதுதான் ரோட்டர். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேலும் சுற்றுவது உண்டு. கிண்ணத்தின் உள்விளிம்புப் பள்ளத்தில் இழைகள் படிந்து, முறுக்கேறி, நடுவே இருக்கும் துளை வழியாக நூலாக வெளியே வரும். இந்த முறையில் குட்டை இழையையும் நூலாக்கலாம். சிம்ப்ளக்ஸும் வேண்டாம், கோன் வைண்டிங்கும் வேண்டாம். ரிங் பிரேமில் நிமிடத்துக்கு 20, 30 மீட்டர் நூல் வந்தால் இதில் 100 மீட்டருக்கு மேல் வரும். 1960-களின் இறுதியில் செக்கோஸ்லோவாக்கியாவின் பிடி-200 இயந்திரம்தான் இதை வணிக ரீதியாக உலகம் முழுக்கக் கொண்டுபோனது.

ஆனால் எல்லாத்துக்கும் ஒரு விலை உண்டே. ஓ.இ. நூலின் குறுக்குவெட்டில் ஏறக்குறைய நூறு இழைகளாவது இருக்க வேண்டும். அதனால் மெல்லிய நூல் வராது. 6, 10, 16, 20-ம் நம்பர் மாதிரி தடித்த நூல்கள்தான் இதன் களம் (நம்பர் கூடக் கூட நூல் மெலியும்). 30-ம் நம்பரைத் தாண்டுவது அபூர்வம். பலமும் ரிங் நூலைவிட 10 முதல் 30 சதவீதம் குறைவு. அதனால் என்ன? பெட்ஷீட், துண்டு, கால் மிதியடி, திரைச்சீலை, ஜீன்ஸின் ஊடை, கையுறை, சமையலறைத் துணி இவற்றுக்கெல்லாம் 60-ம் நம்பர் கோம்டு நூலா கேட்கிறார்கள்? கரூரிலும் சென்னிமலையிலும் ஈரோட்டிலும் ஓடும் தறிகளுக்கு மலிவு நூல் வேண்டும். அதைக் கொடுப்பவை உடுமலை, பல்லடம், வெள்ளகோவில், அன்னூர், ராஜபாளையம் வட்டாரங்களில் இருக்கும் ஓ.இ. மில்கள்.

இவர்கள் பயப்படுவது குட்டை இழைக்கு இல்லை, தூசிக்கு. ரோட்டர் பள்ளத்தில் ஒரு தூசித் துகள் ஒட்டிக்கொண்டால் ஒவ்வொரு சுற்றுக்கும் நூலில் ஒரே இடைவெளியில் பழுது விழும். துணியில் நீரலை மாதிரி தெரியும், மோரே என்பார்கள். அதனால்தான் சுத்தமான நாயிலுக்கு அத்தனை கிராக்கி.

ரூபாய் நோட்டு பஞ்சில் செய்வதாகச் சொல்வது உண்மையா?

உண்மை. நம் நோட்டுத் தாள் 100 சதவீதம் பருத்தி என்று ரிசர்வ் வங்கியே சொல்கிறது. மத்தியப் பிரதேசத்தில், முன்பு ஹோஷங்காபாத் என்றிருந்த நர்மதாபுரத்தில் ஒரு பாதுகாப்புத் தாள் ஆலை இருக்கிறது. மைசூரில் ஒரு நோட்டுத் தாள் ஆலை இருக்கிறது. நோட்டுத் தாளுக்கு மூலப்பொருளாக வாங்குவதில் முக்கியமானது கோம்பர் நாயில்.

ஏன் நாயில்? காகிதத்துக்கு நீள இழை தொந்தரவு. தண்ணீரில் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். வெட்டி, இடித்துக் குட்டையாக்கியாக வேண்டும். நாயில் ஏற்கெனவே குட்டை. புளோரூமும் கார்டிங்கும் தாண்டி வந்ததால் சுத்தம். மரக்கூழில் இருக்கும் லிக்னின் பருத்தியில் கிடையாது என்பதால் மஞ்சளாகாது. மடித்து மடித்து வேட்டி மடிப்பில் சொருகினாலும் தாங்கும்.

அமெரிக்க டாலர் தாள் 75 சதவீதம் பருத்தி, 25 சதவீதம் லினன். அதைச் செய்யும் கிரேன் நிறுவனம் ஒரு காலத்தில் ஜீன்ஸ் தைக்கும் ஆலைகளின் வெட்டுத் துணியைத்தான் நிறைய வாங்கியது. 1990-களில் ஜீன்ஸில் இழுபடும் ஸ்பான்டெக்ஸ் நூல் சேர்ந்தது. அது கூழில் கொஞ்சம் கலந்தாலும் தாள் கெட்டுவிடும். வாங்குவதை விட்டுவிட்டார்கள். நம் திருப்பூர் ஆட்களும் 'லைக்ரா (அதே ஸ்பான்டெக்ஸ்தான்) கலந்த வேஸ்ட்' என்றால் முகம் சுளிப்பது இதே காரணத்துக்குத்தான்.

ஆஸ்பத்திரிப் பஞ்சும் இதிலிருந்துதான் வருகிறதா? கழிவை எப்படிப் புண்ணில் வைப்பது?

இந்தக் கேள்வியைக் கேட்காத உறவினர் கிடையாது. ஆமாம், நாயில்தான். பிளாட் ஸ்ட்ரிப்ஸும் போகும். ஆனால் அப்படியே போவதில்லை.

பச்சைப் பஞ்சின், அதாவது வேக வைக்காத, வெளுக்காத பஞ்சின் மேல் இயற்கையாகவே மெல்லிய மெழுகுப் பூச்சு உண்டு. ஒரு உருண்டை பச்சைப் பஞ்சைத் தண்ணீரில் போடுங்கள், மிதக்கும். அந்த மெழுகு இருக்கும்வரை அது ரத்தத்தையும் சீழையும் உறிஞ்சாது. அதனால் பெரிய மூடிய கொப்பரையில் காஸ்டிக் சோடாவோடு அழுத்தத்தில் கொதிக்க வைக்கிறார்கள். பிறகு ஹைட்ரஜன் பெராக்சைடில் வெளுத்து, பலமுறை அலசி, பிழிந்து, காயவைத்து, கார்டிங் செய்து மெல்லிய ஏடுகளாக அடுக்குகிறார்கள். நீலத்தாளில் சுற்றி வரும் சுருள் அதுதான். நல்ல மருத்துவப் பஞ்சு தண்ணீரில் போட்ட 10 விநாடிக்குள் மூழ்க வேண்டும் என்பது விதி. வீட்டிலேயே பார்க்கலாம். மிதந்துகொண்டே இருந்தால் வேக வைத்தது போதவில்லை என்று அர்த்தம்.

கண்ணைப் பறிக்கும் நீலம் கலந்த வெண்மையைக் கண்டு ஏமாறாதீர்கள். வெளுப்பு போதாததை மறைக்க ஒளிரும் சாயம் சேர்ப்பதுண்டு. நோட்டு சோதிக்கும் புற ஊதா விளக்கில் காட்டினால் முழுப் பஞ்சும் நீலமாக மின்னும். ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் சத்திரப்பட்டி இருக்கிறது. பேண்டேஜ் துணிக்குப் பேர்போன ஊர். மருத்துவத் துணி பற்றித் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் ஒருமுறை அங்கே சுற்றிப் பார்ப்பது நல்லது.

அந்த மெழுகால் எந்தப் பயனும் இல்லையா?

இருக்கிறது. தண்ணீரைத் தள்ளும் அதே மெழுகு எண்ணெயை ஈர்க்கும். கடலில் எண்ணெய் கசிந்தால் துடைத்தெடுக்கப் பச்சைப் பஞ்சைப் பயன்படுத்தலாம் என்று டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்தில் சேஷாத்ரி ராம்குமார் குழுவினர் ஆராய்ந்திருக்கிறார்கள். நூற்புக்கு உதவாத முதிராத மெல்லிய பஞ்சு, தன் எடையைப் போல் 30 மடங்குக்கு மேல் கச்சா எண்ணெயைப் பிடித்துக்கொண்டது. மில்லில் கடைசி வரிசையில் நிற்கும் பஞ்சு இந்த வேலையில் முதல் வரிசைக்கு வந்துவிடுகிறது.

இலவம் பஞ்சு என்று சொல்லிக் கழிவுப் பஞ்சைக் கொடுக்கிறார்களாமே? எப்படிக் கண்டுபிடிப்பது?

கொடுக்கிறார்கள். 'தண்ணீரில் போட்டுப் பார், இலவம் மிதக்கும்' என்று சொல்லித் தருவார்கள். அதை நம்ப வேண்டாம். மேலே சொன்னபடி வெளுக்காத பருத்தியும் மெழுகு காரணமாக மிதக்கும். கையால்தான் பார்க்க வேண்டும். இலவம் இழை உள்ளே குழலாக, வழுவழுப்பாக இருக்கும். மெல்லிய மஞ்சள் சாயையும் பட்டு மாதிரி மினுமினுப்பும் உண்டு. விரலில் வைத்து முறுக்கினால் பிடிபடாமல் நழுவும், ஊதினால் பறக்கும். பருத்திக் கழிவு முறுக்கினால் திரியாக நிற்கும். கருப்புத் துணுக்குகள் கண்ணில் பட்டால் புளோரூம் சமாசாரம். பல வண்ண நூல் துணுக்குகள் தெரிந்தால் அது பனியன் வேஸ்ட் கிழித்தது.

கழிவுப் பஞ்சு மெத்தை கெடுதல் என்று நான் சொல்லவில்லை. சுத்தமான நாயிலில் தைத்த தலையணை நன்றாகவே இருக்கும். கொஞ்ச நாளில் கட்டி தட்டும், வெயிலில் போட்டு அடித்தால் சரியாகிவிடும். இலவத்தின் விலையை வாங்கிக்கொண்டு இதைக் கொடுப்பதுதான் தப்பு.

லின்டர் என்பதும் நாயிலும் ஒன்றா?

இல்லை. ஜின்னிங் முடிந்த பருத்தி விதையில் ஒட்டியிருக்கும் பூனைமுடி மாதிரியான ரோமம்தான் லின்டர். அது எண்ணெய் ஆலைப் பக்கத்துச் சரக்கு, நூற்பாலையில் வராது. இரண்டுமே ஏறக்குறைய சுத்தமான செல்லுலோஸ் என்பதால் இரண்டுக்கும் வாங்குகிறவர்கள் பல இடங்களில் ஒரே ஆட்கள். காகிதம், மருத்துவப் பஞ்சு மட்டும் இல்லை. பருத்திச் செல்லுலோஸிலிருந்துதான் நைட்ரோசெல்லுலோஸ் வருகிறது. 1846-இல் ஷோன்பைன் என்ற வேதியியலாளர் கண்டுபிடித்த 'கன் காட்டன்' என்ற வெடிபஞ்சு அதுதான். இங்கிலாந்தில் அதைச் செய்ய நூற்பாலைக் கழிவையே பயன்படுத்தினார்கள். நீலகிரி அருவங்காட்டில் நூறாண்டுக்கு மேலாக நிற்கும் தொழிற்சாலையின் பெயரில் இருக்கும் 'கார்டைட்' என்ற வெடிபொருளிலும் முக்கியச் சரக்கு அது. குழந்தையின் காதைத் துடைப்பதும் பீரங்கிக் குண்டைத் தள்ளுவதும் ஒரே இழை.

திருப்பூர் கட்டிங் வேஸ்ட்டும் இந்தக் கணக்கில் வருமா?

மில் கழிவு இல்லை அது, ஆனால் ஓ.இ. மில்லில் வந்து சேர்ந்துவிடும். பனியன் வெட்டும்போது விழும் துண்டுகளை நிறம் வாரியாகப் பிரிப்பார்கள். பெரும்பாலும் பெண்கள் உட்கார்ந்து கையால் செய்யும் வேலை இது. பிரித்ததைக் கிழிக்கும் இயந்திரத்தில் போட்டால் மறுபடி இழை. கிழிபடும்போது இழை அறுந்து இன்னும் குட்டையாகும் என்பதால் நாயிலோ பாலியஸ்டரோ சேர்த்துத்தான் நூற்க முடியும். துணிக்கு ஏற்கெனவே சாயம் ஏறியிருப்பதால் நூலுக்கு மறுபடி சாயம் போட வேண்டாம். நொய்யல் மாசு வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதை நினைத்துப் பார்த்தால், சாயத் தொட்டி இல்லாமல் கிடைக்கும் கலர் நூலின் அருமை புரியும்.

பழைய காலத்தில் இதெல்லாம் குப்பைக்குப் போனதா?

எங்கே போனது! இங்கிலாந்தின் லங்காஷயரில் கழிவுப் பஞ்சை மட்டுமே நூற்ற மில்கள் இருந்தன. ஹெல்ம்ஷோரில் அப்படிப்பட்ட ஒரு மில் 1978 வரை ஓடியது. இப்போது அருங்காட்சியகமாக நிற்கிறது. குளிருக்குப் போர்த்தும் பிளானலெட் துணிக்கு அந்த நூல் போனது. பட்டிலும் இதே கதைதான். பிராட்போர்டு ஆலை அதிபர் சாமுவேல் லிஸ்டர் லண்டன் கிடங்கு ஒன்றில் கேட்பாரற்றுக் கிடந்த பட்டுக் கழிவை ராத்தல் அரை பென்னிக்கு வாங்கினார். அதை நூற்க இயந்திரம் செய்வதற்குள் பெரும் பணத்தை இழந்தார். கடைசியில் அந்தக் கழிவே அவரைப் பெரும் செல்வந்தராக்கியது.

கழிவுக்கு ஏன் இந்த விலை? பஞ்சு விலையோடு சேர்ந்து ஏறுகிறதே?

நாயில் விலை சாதாரணமாகவே நல்ல பஞ்சின் விலையில் பாதிக்கு மேல் இருக்கும். 2022 மே மாதம் பஞ்சு கேண்டி ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது நினைவிருக்கும். கேண்டி என்பது 356 கிலோ. ஆக, கிலோ 280 ரூபாய்க்கு மேல். அப்போது நாயிலும் கூடவே ஏறியது. பஞ்சு இறங்கினால் நாயிலும் அதே வேகத்தில் இறங்குமா என்றால், இறங்காது. ஓ.இ. மில்காரர்களின் நீண்டகால வயிற்றெரிச்சல் இது. கழிவுப் பஞ்சு ஏற்றுமதியைக் கட்டுப்படுத்துங்கள் என்று அவர்கள் கேட்பார்கள். விற்கும் மில்லோ, 'பஞ்சு வாங்கி நஷ்டத்தில் ஓட்டுகிறேன், கழிவில் வரும் காசையாவது விடு' என்னும். இடையில் நிற்கும் என்னைப் போன்றவனிடம் நியாயம் கேட்காதீர்கள். எனக்குக் கமிஷன் இரண்டு பக்கத்திலிருந்தும் வருகிறது.

வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் ஈரம். பருத்திக்கு எட்டரை சதவீத ஈரம் இயல்பு. அதற்கு மேல் என்றால் தண்ணீருக்குக் காசு கொடுக்கிறீர்கள். பேலின் வெளிப்புறத்தைத் தொட்டுப் பார்த்து ஏமாறாமல், கையை உள்ளே விட்டு நடுவிலிருந்து எடுங்கள். நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு லோடு வாங்கினேன். வெளியே வெள்ளை வெளேரென்று நாயில். பேலைப் பிரித்தால் உள்ளே தரை கூட்டிய குப்பையும் எண்ணெய்க் கறையும். அன்றிலிருந்து எந்த மில்லாக இருந்தாலும் ஒரு பேலாவது பிரிக்காமல் லாரி ஏற்றுவதில்லை.

பாலியஸ்டர் கலந்திருக்கிறதா என்று பார்க்கத் தீக்குச்சி போதும். பருத்தி காகிதம் எரிந்த வாசனையோடு சாம்பலாகும்; பாலியஸ்டர் உருகிக் கருப்பு மணியாக உறைந்து நிற்கும். குடோனுக்கு வெளியே செய்யுங்கள். இன்னொன்று, வெள்ளைச் சாக்கின் பிளாஸ்டிக் நார். இது கலந்த நாயிலை மருத்துவப் பஞ்சுக்காரரும் வாங்க மாட்டார், நோட்டுத் தாள்காரரும் வாங்க மாட்டார்.

குடோன்களில் ஏன் இத்தனை தீ விபத்து?

பஞ்சு ஒரு பொறிக்குப் பற்றும். பற்றியது பேலுக்குள் கனலாகப் புகுந்துவிட்டால் மேலே தண்ணீர் அடித்தாலும் உள்ளே நாள் கணக்கில் புகைந்துகொண்டிருக்கும். கழிவில் ஆணி, கம்பித் துண்டு கிடப்பது சகஜம்; இயந்திரத்தின் பல்லில் பட்டால் பொறி பறக்கும். அதனால்தான் காந்தம் வைக்கிறார்கள். எண்ணெய் துடைத்த வேஸ்ட்டைக் குவியலாகப் போட்டு வைத்தால், சில எண்ணெய்களுக்குத் தானாகவே சூடேறிப் பற்றிக்கொள்ளும் குணம் உண்டு. அதைப் பஞ்சோடு சேர்த்து வைக்கவே கூடாது.

இந்தத் தூசி உடம்புக்கு ஆகாதா?

ஆகாது. இதில் பூசி மெழுக ஒன்றும் இல்லை. பைசினோசிஸ் என்று ஒரு நுரையீரல் நோய் இருக்கிறது. ஞாயிறு விடுமுறை முடிந்து திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் நெஞ்சு இறுகும், மூச்சு முட்டும். செவ்வாய், புதன் போகப் போகக் குறையும். 'லீவு போட்டு வந்தாலே இவனுக்கு நோவு' என்று கிண்டல் செய்வார்கள். உண்மையில் அதுதான் நோயின் முதல் அடையாளம். பஞ்சோடு வரும் இலை, பூவடிச் செதில் தூசியும் அதில் ஒட்டிய நுண்ணுயிரி நச்சும்தான் காரணம் என்கிறார்கள். கவனிக்காமல் விட்டால் எல்லா நாளும் திங்கட்கிழமை ஆகிவிடும், திரும்பச் சரியாகாது. பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் இன்னும் மோசம்.

நூல் தயாரிக்கும் இடத்தில் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 200 மைக்ரோகிராம் தூசிக்கு மேல் கூடாது என்று அமெரிக்கா 1978-இல் சட்டம் போட்டது. நம் ஊரிலும் இது தொழில்சார் நோயாகச் சட்டத்தில் இருக்கிறது, இ.எஸ்.ஐ.யில் கேட்க உரிமை உண்டு. ஆனால் கழிவைக் கையாளும் சின்ன ஷெட்டுகளில்தான் தூசி அதிகம், பதிவேட்டில் பெயர் இருக்கும் ஆட்கள் குறைவு. மூக்கில் கைக்குட்டை கட்டுவது போதாது. நல்ல முகக்கவசம், தூசி உறிஞ்சி, வருடம் ஒருமுறை மூச்சுப் பரிசோதனை மூன்றும் வேண்டும். ஷெட் வைத்திருப்பவர்கள் லாபத்தில் முதலில் ஒதுக்க வேண்டிய காசு இது.

'ரீசைக்கிள்டு' என்று லேபிள் போடலாமா?

எதை, எங்கே பயன்படுத்தினீர்கள் என்று பார்க்க வேண்டும். ஒரு வேலையில் விழுந்ததை அதே வேலைக்குள்ளேயே திரும்பப் போட்டால் அது மறுசுழற்சிக் கணக்கில் வராது என்கிறது ஐ.எஸ்.ஓ. 14021 என்ற சர்வதேசத் தரநிலை. உங்கள் மில் நியூமாபிலை உங்கள் மிக்சிங்கிலேயே போட்டுவிட்டு லேபிள் ஒட்டினால் வெளிநாட்டு வாங்குநர் பிடித்துவிடுவார்.

காளான் வளர்க்க எந்தக் கழிவு?

புளோரூம் டிராப்பிங்ஸ் போதும். நாயில் வாங்கிக் காசை வீணாக்க வேண்டாம். ஹாங்காங்கில் 1970-களிலேயே வைக்கோல் காளானைப் பஞ்சுக் கழிவில் வளர்க்கத் தொடங்கிவிட்டார்கள். ஈரத்தை நன்றாகப் பிடித்து வைக்கும், விளைச்சலும் வைக்கோலைவிடக் கூடுதல். நீராவியில் வேக வைத்த பிறகே விதைக்க வேண்டும். இன்னும் மட்டமான தூசியிலிருந்து சாண எரிவாயு மாதிரி வாயு எடுக்கலாம் என்று மும்பையில் இருக்கும் பருத்தித் தொழில்நுட்ப ஆய்வு நிலையம் செய்து காட்டியிருக்கிறது.

விளக்குத் திரிக்கு ஒரு கிலோ கிடைக்குமா?

மில்லில் கேட்டால் பேல் கணக்கில்தான் பேசுவார்கள். பக்கத்து ஓ.இ. மில்லிலோ வேஸ்ட் குடோனிலோ போய், கார்த்திகைக்கு என்று சொல்லிக் கேளுங்கள், ஒரு பை நிறையக் கொடுப்பார்கள். பெரும்பாலும் காசு வாங்க மாட்டார்கள். பச்சை நாயிலில் திரித்த திரி எண்ணெயை இழுக்காதோ என்று யோசிக்க வேண்டாம். மெழுகுக்கு ஆகாதது தண்ணீர்தான்.